இன்ட்ரான் செருகல் ஏன் நடக்கவில்லை? மலை ஆய்வகங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவில் ஒரு மரபணுவை முடக்கி, அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவி, டார்ஜெட்ரான் என்று அழைக்கப்படும் இரண்டாம் வகை இன்ட்ரான். பாக்டீரியாவின் டிஎன்ஏவில் இடம் விட்டு இடம் நகரும் கூறுகளில் ஒன்று இது. நாம் சொல்லும் இடத்தில் போய் உட்காரும்படி இதைத் திருத்திக்கொள்ளலாம்.

சோதனை தோற்றதும் பலர் முதலில் செய்வது, இலக்கு வரிசையை மாற்றிப் புது பிரைமருக்கு ஆர்டர் கொடுப்பது. தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். தட்டில் என்ன வளர்ந்தது, என்ன வளரவில்லை என்பதே எந்தப் படியில் தவறியது என்று சொல்லிவிடும்.

எது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிழை தேடுவது முழுக்க இதை வைத்துத்தான். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பால் பாக்டீரியாவில் 1996-இல் விவரிக்கப்பட்ட எல்எல்.எல்டிஆர்-பி இன்ட்ரான்தான் அடிப்படை. அது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு, எல்டிஆர்-ஏ என்ற புரதத்தின் துணையுடன் தன்னை வெட்டிக்கொண்டு வெளியே வரும். அந்த ஆர்என்ஏவில் இபிஎஸ்1, இபிஎஸ்2, டெல்டா என்று மூன்று துண்டுகள் உண்டு. மொத்தம் 14, 15 எழுத்துகள். இவை இலக்கு டிஎன்ஏவோடு ஜோடி சேர்ந்ததும் இன்ட்ரான் ஒரு இழைக்குள் நேரடியாக நுழைந்துகொள்ளும். எல்டிஆர்-ஏ மறு இழையை வெட்டி, ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும். அந்த எழுத்துகளை மாற்றினால் இலக்கு மாறும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் லாம்போவிட்ஸ் குழு 2000, 2001 ஆண்டுகளில் இதைக் காட்டியது. ஒத்த வரிசை மறுசேர்க்கை இதற்குத் தேவையில்லை என்பதால், அந்த மறுசேர்க்கையை நடத்தும் ரெக்-ஏ மரபணு இல்லாத ரகங்களிலும் நடக்கும்.

அப்புறம் கனமைசின் அடையாளம். கனமைசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்துக்கான எதிர்ப்பு மரபணு இன்ட்ரானுக்குள் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கும். அதன் நடுவில், டி4 ஃபேஜிலிருந்து எடுத்த டிடி என்ற சிறு இன்ட்ரான் புகுந்து அதைச் செயலிழக்க வைத்திருக்கும். பெரிய இன்ட்ரான் ஆர்என்ஏவாகும்போது மட்டுமே அந்தச் சிறியது தன்னை வெட்டிக்கொண்டு வெளியேற முடியும். எனவே கனமைசினில் வளர்ந்த காலனி சொல்வது ஒன்றுதான்: இன்ட்ரான் ஆர்என்ஏ வழியாகப் போய் எங்கோ உட்கார்ந்துவிட்டது. சரியான இடத்திலா என்பது தனிக் கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஒவ்வொரு முறையும் நான்கு கட்டுப்பாட்டுத் தட்டுகள் வேண்டும். தூண்டலுக்கு, அதாவது ஐபிடிஜி என்ற வேதிப்பொருள் சேர்த்து இன்ட்ரானைப் படியெடுக்க வைப்பதற்கு, முந்தைய செல்கள் குளோராம்பெனிகால் என்ற இன்னொரு மருந்தில். தூண்டிய செல்கள், நீர்த்து, மருந்தே இல்லாத தட்டில். தூண்டாத செல்கள் கனமைசினில். லாக்-இசட் மரபணுவைக் குறிவைக்கும் தயார்நிலைப் பிளாஸ்மிட் (இன்ட்ரானைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வட்ட டிஎன்ஏ) ஏற்றித் தூண்டிய செல்கள் கனமைசினில். தட்டு மிச்சம் பிடிக்க இவற்றில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

கனமைசின் தட்டில் ஒரு காலனியும் இல்லை

முதலில் குளோராம்பெனிகால் தட்டைப் பாருங்கள். அங்கும் ஒன்றும் இல்லை என்றால் இன்ட்ரானைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிளாஸ்மிட் செல்லுக்குள் போகவில்லை. தகுதிபெற்ற செல்களை, அதாவது டிஎன்ஏவை உள்வாங்கத் தயார்செய்த செல்களை, புதிதாகத் தயாரியுங்கள். 42 டிகிரி வெப்ப அதிர்ச்சிக்கான நீர்த்தொட்டியில் தெர்மாமீட்டரை விட்டு, குழாய் நிற்கும் அதே இடத்தில் அளந்து பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் காந்தல், தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் நாட்களில், மூடியில்லாத தொட்டியின் மேற்பரப்பு திரையில் காட்டும் எண்ணைவிடக் குளிர்ந்து கிடக்கும்.

குளோராம்பெனிகாலில் காலனி இருக்கிறது, லாக்-இசட் தட்டிலும் கனமைசின் காலனி இல்லை என்றால் தவறு தூண்டலில். வழக்கமான பிளாஸ்மிட்டில் இன்ட்ரான் டி7 புரோமோட்டர் என்ற தொடக்க வரிசையின் கீழ் இருக்கும்; அதைப் படியெடுக்க டி7 பாலிமரேஸ் என்ற நொதி வேண்டும். உங்கள் ஈ.கோலை ரகம் அந்த நொதியைத் தானே தரும் டிஇ3 வகையா? இல்லையென்றால் டி7 பாலிமரேஸ் தரும் இரண்டாவது பிளாஸ்மிட் வேண்டும். பழைய ஐபிடிஜி கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள். 0.5 மில்லிமோலார், 30 டிகிரி, அரை மணி நேரம் என்பதே வழக்கம். நேரத்தை நீட்டினால் காலனி கூடும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் டி7 அதிக நேரம் ஓடினால் செல்லே வலுவிழக்கும். மருந்தில்லாத தட்டில் உயிருள்ள செல் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்திருந்தால் காரணம் அதுதான்.

30 டிகிரி என்பது இங்கே சும்மா வராது. சமவெளியில் எழுதிய செய்முறையில் ‘அறை வெப்பநிலை’ என்றால் 25 டிகிரிக்கு மேல். ஊட்டியில் குளிர்கால மாலையில் அறை அதில் பாதி இருந்தாலே பெரிது. மேசை மேல் வைத்துக் குலுக்கிய செல்கள் தூண்டலையே பார்த்திருக்காது. மீட்பு வளர்ப்பும், தட்டை வைப்பதும் 30 டிகிரி இன்குபேட்டரில்தான். காலனி தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். இரவில் மின்சாரம் போயிருந்தால் இன்குபேட்டர் இங்கே வேகமாகக் குளிரும். மூன்றாம் நாளுக்கு முன் தட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

அடுத்து, கனமைசின் அளவு. மில்லிக்கு 25 மைக்ரோகிராம் போதும். பிளாஸ்மிட்டில் இருக்கும் எதிர்ப்பு மரபணுவுக்குப் பல நகல்கள். குரோமோசோமில் செருகியதற்கு ஒரே நகல். பழக்கத்தில் 50 போட்டால், நாம் தேடும் செல்களையே கொன்றுவிடலாம்.

லாக்-இசட் வேலை செய்கிறது, உங்கள் மரபணு மட்டும் வரவில்லை. இப்போதுதான் இலக்கைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கும் முன் ஒரு கேள்வி: அந்த மரபணு இல்லாமல் செல் உயிர் வாழுமா? ஈ.கோலை கே-12-இல் 4288 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்க முயன்ற கெய்யோ தொகுப்பில் 3985 மட்டுமே கிடைத்தன; மீதி 303 கிடைக்கவில்லை. 2006-இல் வெளியான அந்தக் கிடைக்காதவற்றின் பட்டியலில் உங்கள் மரபணுவை ஒத்தது இருக்கிறதா என்று பார்த்தால், பல வாரம் மிச்சமாகும். இன்றியமையாத மரபணு என்றால் எத்தனை பிரைமர் வாங்கினாலும் பொதுவாகக் காலனி வராது. இல்லையென்றால், அதே மரபணுவில் வேறு இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஜோடி சேரும் எழுத்துகள் தவிர, அருகிலுள்ள சில எழுத்துகளை எல்டிஆர்-ஏ புரதமும் தொட்டுப் பார்க்கும். அதனால்தான் கணினி நிரல் தரும் மதிப்பெண் நன்றாக இருந்தும் சில இடங்கள் வேலை செய்வதில்லை.

தட்டு முழுக்க புல்தரைபோல வளர்ந்துவிட்டது

தூண்டாத செல்களின் கனமைசின் தட்டும் இப்படியே இருக்கிறதா? அப்படியானால் மருந்து தன் வேலையைச் செய்யவில்லை.

சூடாக ஊற்றியதால் கனமைசின் கெட்டிருக்கும் என்று பலர் சொல்வார்கள். கனமைசின் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். சூட்டில் கெடுவது ஆம்பிசிலின்தான். கனமைசினை உண்மையில் பலவீனமாக்குவது அமிலமும் உப்பும். இந்த மருந்து செல்லுக்குள் நுழைய, செல் சவ்வில் இருக்கும் மின் அழுத்தம் வேண்டும்; அமிலச் சூழலில் அந்த நுழைவு குறையும். நம் தேயிலை மண்ணின் பிஎச் 4.5-இலிருந்து 5.5 வரை. மண் பாக்டீரியாவுக்குப் பிடிக்கட்டும் என்று மண் சாறு சேர்த்து, பிஎச்சைச் சரிசெய்யாமல் தயாரித்த ஊடகத்தில் 25 மைக்ரோகிராம் என்பது வெறும் எண். பிஎச்சை 7-க்குக் கொண்டுவந்து அதே செல்களை மறுபடி பரப்பிப் பாருங்கள்.

ஒரு பக்கம் அடர்ந்து, ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் மருந்து சரியாகக் கலக்கவில்லை. குளிர்ந்த அறையில் அகர் 40 டிகிரிக்கு அருகே இறங்கும் வேகம் அதிகம். கலக்குவதற்குள் ஓரத்தில் கட்டிவிடும். தட்டுகளை முன்கூட்டியே 37 டிகிரியில் வைத்துவிட்டு ஊற்றினால் தீரும்.

மண்ணிலிருந்து எடுத்த ரகம் இயல்பாகவே எதிர்ப்புள்ளதாக இருக்கலாம். சூடோமோனாஸ்களில் இது சாதாரணம். ஆம்பிசிலின், குளோராம்பெனிகால் இரண்டையும் வெளியே இறைத்துவிடும் பம்புகள் அவற்றுக்கு உண்டு. சோதனை தொடங்கும் முன்பே, பிளாஸ்மிட் எதுவும் இல்லாத உங்கள் ரகத்தை ஒவ்வொரு மருந்திலும் பல அளவுகளில் பரப்பி, எதில் சாகிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஈ.கோலையில் அருமையாக வருகிறது, சூடோமோனாஸில் சுத்தமாக இல்லை

மலை ஆய்வகங்களில் இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. தேயிலையின் கொப்புள நோய்க்கு எதிராகச் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பயன்படுத்தப்படுவதால், அதன் எந்த மரபணு பூஞ்சையைத் தடுக்கிறது என்று தெரிந்துகொள்ள இங்கே ஆர்வம் இருக்கிறது. அந்த ஆர்வம் வீணாகக் கூடாது. பெரும்பாலும் காரணம் எளிமையானது: ஈ.கோலைக்கான பிளாஸ்மிட்டை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள். அதன் பி15ஏ வகைப் பெருக்கத் தொடக்கப் புள்ளி சூடோமோனாஸில் இயங்காது. டி7 பாலிமரேஸும் அங்கே இல்லை. பிளாஸ்மிட் நிலைக்கவும் இல்லை, இன்ட்ரான் படியெடுக்கப்படவும் இல்லை. அப்புறம் செருகல் எப்படி வரும்?

இதற்கென்றே பல வகை பாக்டீரியாக்களில் இயங்கும் ஆர்கே2 வகைப் பிளாஸ்மிட்டில் இன்ட்ரானை வைத்து 2007-இல் யாவோவும் லாம்போவிட்ஸும் பிபிஎல்1 என்ற ஒன்றை உருவாக்கினார்கள். அதில் தூண்டி, மெட்டா-டொலுயிக் அமிலம். சூடோமோனாஸ் புட்டிடாவின் டொலுயின் சிதைக்கும் பாதையிலிருந்து எடுத்த புரோமோட்டர் அது. உங்கள் மண் ரகமே அந்த அமிலத்தைத் தின்னக்கூடியதாக இருந்தால் தூண்டி சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த அமிலத்தை மட்டும் கார்பன் உணவாகக் கொடுத்து வளர்கிறதா என்று முன்பே சோதித்துவிடலாம்.

தேர்வுக்கு டெட்ராசைக்ளின் என்றால் இரண்டு விஷயம். ஒளியில் அது கெடும்; தட்டுகளைச் சன்னலோரம் வைக்கக் கூடாது. மெக்னீசியம் அதைப் பிடித்துக்கொள்ளும். கிங்ஸ் பி ஊடகத்தில் லிட்டருக்கு 1.5 கிராம் மெக்னீசியம் சல்பேட் இருக்கிறது. எனவே தேர்வை எல்பி தட்டில் செய்துவிட்டு, ஒளிர்வைப் பார்க்க மட்டும் கிங்ஸ் பிக்கு மாற்றுங்கள்.

முதல் இலக்காகப் பிவிடி-ஏ மரபணுவை நான் பரிந்துரைப்பேன். பயோவெர்டின் என்ற மஞ்சள்பச்சை நிறமிக்கு அது தேவை. முடங்கினால், 365 நானோமீட்டர் புறஊதா விளக்கின் கீழ் காலனி ஒளிராது. கண்ணால் பார்த்தே தெரிந்துவிடும், ஜெல் ஓட்டும் முன்பே. ஆனால் ஊடகத்தில் இரும்பு அதிகமானால் சாதாரண ரகமும் ஒளிராது. மூல ரகத்தை அதே தட்டில் பக்கத்திலேயே கோடிட்டு வையுங்கள். அது ஒளிராத தட்டில் எதையும் முடிவு செய்யக் கூடாது.

கனமைசின் காலனி வந்தது, பிசிஆர் பழைய பட்டையையே காட்டுகிறது

இங்கே பிசிஆரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மரபணுவின் இரு பக்கமும் பிரைமர் வைத்தால், செருகல் உள்ள துண்டு பழையதைவிடச் சுமார் 2000 கார இணைகள் கூடுதல் நீளமாக இருக்கும். நீட்டிப்பு நேரம் அரை நிமிடம் என்று வைத்திருந்தால் நீண்ட துண்டு வராது. காலனியில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பழைய செல்களின் குறுகிய துண்டு மட்டும் பெருகிவிடும். நேரத்தைக் கூட்டுங்கள்.

செல்லை உடைக்கக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைப்பது இன்னொரு இடறல். ஊட்டி கிட்டத்தட்ட 2240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். செய்முறை 95 என்று சொன்னால், திறந்த பாத்திரத்தில் எவ்வளவு எரித்தாலும் அந்த வெப்பம் வராது. இறுக மூடிய குழாயைப் பிசிஆர் இயந்திரத்திலேயே பத்து நிமிடம் வைத்துவிடுங்கள்.

இரண்டு பட்டையும் ஒன்றாக வந்தால் காலனி கலப்பு. கனமைசினில் மறுபடி கோடிட்டு, தனிக் காலனிகளைச் சோதியுங்கள்.

பழைய பட்டை மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால் இன்ட்ரான் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறது. அங்கே மூன்று பிசிஆர் வேண்டும்: மரபணுவின் இரு பக்கம், மரபணுவின் ஒரு பக்கமும் இன்ட்ரானுக்குள் இருக்கும் பொது இபிஎஸ் பிரைமரும், இன்ட்ரானுக்குள் மட்டும். மூன்றாவதை மட்டும் செய்துவிட்டுச் செருகல் உறுதி என்று எழுதுவது பெரிய தவறு. பிளாஸ்மிட் இருக்கும்வரை அந்தப் பட்டை எப்போதும் வரும். இரண்டாவதுதான் சாட்சி. இடம் தவறியது உறுதியானால், இலக்கு எழுத்துகளை மாற்றிய 350 இணை நீளத் துண்டைப் பிளாஸ்மிட்டிலிருந்து வரிசைப்படுத்திப் பாருங்கள். பழைய எழுத்துகளே அங்கே இருந்தால் குளோனிங் நடக்கவே இல்லை என்று அர்த்தம், இலக்கைக் குறைசொல்லிப் பயனில்லை.

செருகல் உறுதி, ஆனால் பண்பு மாறவில்லை

திசையைப் பாருங்கள். மரபணு படிக்கப்படும் திசையிலேயே இன்ட்ரான் உட்கார்ந்திருந்து, பிளாஸ்மிட்டிலிருந்து எல்டிஆர்-ஏ இன்னும் வந்துகொண்டிருந்தால், எம்-ஆர்என்ஏவிலிருந்து இன்ட்ரான் தன்னை வெட்டிக்கொண்டு போய்விடும். டிஎன்ஏவில் மரபணு உடைந்திருக்கும், புரதம் மட்டும் முழுதாக வந்துகொண்டிருக்கும். ஜெல்லைப் பார்த்து மகிழ்ந்து, தட்டைப் பார்த்துக் குழம்பும் நிலை இது. பிளாஸ்மிட்டை வெளியேற்றுங்கள், அல்லது எதிர்த் திசை இலக்கைத் தேர்ந்தெடுங்கள். எதிர்த் திசையில் செருகினால் வெட்டிக்கொள்ளும் வழியே இல்லை. இன்றியமையாத மரபணுவை ஆராய்பவருக்கு முதல் வகைதான் பயன்படும். எல்டிஆர்-ஏவைக் கொடுத்தும் நிறுத்தியும் மரபணுவைக் கட்டுப்படுத்தலாம்.

திசை சரியென்றால், அதே வேலையைச் செய்யும் இன்னொரு மரபணு இருக்கலாம். சூடோமோனாஸ் எருஜினோசா பிஏஓ1-இன் மரபணுத்தொகுதியே 63 லட்சம் இணைகள்; இரட்டைகளுக்கு இடம் நிறைய.

பண்பு எதிர்பார்த்ததைவிட அதிகமாக மாறிவிட்டது

ஒரே ஓபெரானில் (சேர்ந்தே படியெடுக்கப்படும் மரபணு வரிசையில்) பின்னால் இருக்கும் மரபணுக்களும் அடங்கிப்போயிருக்கும். முடக்கிய மரபணுவை மட்டும் பிளாஸ்மிட்டில் திருப்பிக் கொடுங்கள். பண்பு முழுதாகத் திரும்பவில்லை என்றால் காரணம் பின்னால்தான்.

பிளாஸ்மிட் போக மறுக்கிறது

மருந்தில்லாத ஊடகத்தில் சில தலைமுறை வளர்த்து, தனிக் காலனிகளை மருந்துள்ள தட்டிலும் மருந்தில்லாத தட்டிலும் ஒரே வரிசையில் புள்ளியிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்: எல்டிஆர்-ஏ இருக்கும்வரை இன்ட்ரான் மறுபடி நகரலாம். இரண்டாவது மரபணுவையும் முடக்கக் கனமைசின் தடையாக இருந்தால், எதிர்ப்பு மரபணுவின் இருபுறமும் லாக்ஸ்-பி என்ற வெட்டுமிட வரிசை உள்ள வடிவத்தை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டு, அங்கே வெட்டும் க்ரீ புரதத்தால் அந்த மரபணுவை நீக்கலாம்.

எந்த மரபணு என்றே தெரியவில்லை

அப்போது டார்ஜெட்ரான் தவறான கருவி. மரினர் அல்லது மினி-டிஎன்5 என்ற டிரான்ஸ்போசானை (இலக்கு சொல்லாமலே டிஎன்ஏவில் நுழையும் நகரும் கூறு) எடுத்துக்கொண்டு கண்டபடி செருகவிட்டு, பண்பு மாறிய காலனியிலிருந்து இடத்தைத் தேடுங்கள். மரினர் டிஏ என்ற இரண்டெழுத்தைப் பார்த்து உட்காரும், அது எங்கும் கிடைக்கும். அதில் வரும் வழக்கமான அறிகுறி, தட்டில் அளவுக்கு மீறிய காலனிகள். டிரான்ஸ்போசானை உங்கள் ரகத்துக்குக் கொடுத்த ஈ.கோலை சாகாமல் வளர்ந்திருக்கும். அது வளர முடியாத, சிட்ரேட் மட்டுமே உணவாக உள்ள ஊடகத்தில் பரப்பினால் தெளியும்.

விதைக்காத தட்டிலும் ஏதோ வளர்கிறது

மலையில் இதற்கு முதல் காரணம் ஆட்டோக்ளேவ். அளவி 15 பவுண்டு காட்டினால் 121 டிகிரி என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அது கடல் மட்டத்துக் கணக்கு. அளவி காட்டுவது வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தத்தை மட்டுமே. ஊட்டியில் வெளிக்காற்றே சதுர அங்குலத்துக்கு சுமார் 11.2 பவுண்டுதான், கடல் மட்டத்தில் 14.7. எனவே இங்கே 15 காட்டும்போது உள்ளே 117 டிகிரி மட்டுமே. 121 வர அளவி 18.5 அளவுக்குப் போக வேண்டும், குன்னூரில் 18. பேசிலஸ் வித்துகள் 117 டிகிரியில் பதினைந்து நிமிடத்தைத் தாண்டி வந்துவிடும்.

ஆனால் பழைய குக்கர் வகை ஆட்டோக்ளேவில் பாதுகாப்பு வால்வின் மேல் எடை ஏற்றியோ, அதைத் திருகி இறுக்கியோ அழுத்தம் கூட்டவே கூடாது. கருவியின் தகட்டில் எழுதியுள்ள உச்ச அழுத்தம் 18.5-ஐ வசதியாகத் தாண்டினால் மட்டும் கூட்டுங்கள். இல்லையென்றால் 117 டிகிரியிலேயே நாற்பது நிமிடம் வையுங்கள்; கணக்குப்படி 121-இல் பதினைந்து நிமிடத்துக்கு அது ஈடு. சர்க்கரை உள்ள ஊடகம் இந்த நேரத்தில் கருகும், குளுக்கோஸைத் தனியாக வடிகட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கி எறியும் தட்டுகளுக்கு இது இன்னும் முக்கியம். நாம் எதிர்ப்பு மரபணு ஏற்றியது, இந்த மலை மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே நன்றாக வாழத் தெரிந்த பாக்டீரியா. ஈ.கோலை ஆய்வக ரகம் சாக்கடையில் திணறலாம், இது திணறாது. மரபணு மாற்றிய நுண்ணுயிர்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் முன்பே தெரிவித்திருக்க வேண்டும். கழிவு ஏற்றும்போது பையின் நடுவில் ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் வித்துப் பட்டை ஒன்றை வைத்து ஓட்டி, பிறகு அதை 55 முதல் 60 டிகிரியில் வளர்த்துப் பாருங்கள். ஊடகம் கலங்கினால் அந்தக் கழிவு இன்னும் உயிரோடு இருக்கலாம். நேரத்தைக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள், பட்டை தெளிவாக வரும்வரை பையை வெளியே அனுப்பாதீர்கள்.